வளைந்த பீலி மூடிக்குக் கையெழுத்து வைக்க முதல்

இலை கொட்டுகிற காலம் வந்தால் ரொறன்ரோ, மார்க்கம் பக்கம் கதவைத் தட்டுகிறவர்களில் பீலி மூடி விற்கிறவர்களும் இருப்பார்கள். "இனி உங்களுக்கு ஏணியே தேவையில்லை" என்பார்கள். புது வீடு வாங்கின தங்கச்சிமாரும் தம்பிமாரும் அந்தப் பேச்சை நம்பிக் கையெழுத்து வைக்க முதல், அக்கா சொல்லுறதை ஒருக்கா வாசியுங்கோ.

குசினிக் குழாயை மெல்லத் திறந்து, கரண்டியின் முதுகுப் பக்கத்தைத் தண்ணீரில் முட்டவிட்டுப் பாருங்கோ. தண்ணீர் நேரே விழாது. வளைவோடு ஒட்டிக்கொண்டு உள்ளுக்குத் திரும்பும். வளைந்த மூடியின் வேலை முழுக்க இதுதான். பீலியின் மேல் போடுகிற தகடு, விளிம்பில் மூக்குப்போல உருண்டு மடிந்திருக்கும். மழைத்தண்ணீர் அந்த மூக்கைச் சுற்றி வந்து, அடியில் உள்ள ஒடுங்கின நீக்கலால் பீலிக்குள் இறங்கும். இலை அப்படி வளையாது, வழுக்கி நிலத்தில் விழும். அகலமான மேப்பிள் இலைக்கு இது நன்றாகவே வேலை செய்யும்.

சிக்கல் சின்னக் குப்பையில்தான். பைன் ஊசி, கூரை ஓட்டில் இருந்து உதிரும் குறுணி, வசந்தத்தில் சுழன்று விழுகிற மேப்பிள் விதை எல்லாம் தண்ணீரோடு சேர்ந்து வளைந்து உள்ளே போய்விடும். உள்ளே சேறு பிடித்து, அந்த விதை முளைத்து, நீக்கலுக்குள்ளால் பச்சைக் கன்று எட்டிப் பார்ப்பதும் உண்டு. மூடாத பீலி என்றால் கையால் அள்ளி எறியலாம். இதில் தகட்டைக் கழற்ற வேண்டும். அதற்குப் பெரும்பாலும் போட்டவர்களையே கூப்பிட வேண்டும், அவர்கள் கேட்கிற காசையும் கொடுக்க வேண்டும்.

மூக்கையும் கழுவ வேண்டும் என்று விற்கிறவர் அனேகமாகச் சொல்லமாட்டார். மகரந்தமும் புழுதியும் படிந்தால் தண்ணீர் சீராக ஒட்டாது. பிரிந்து வெளியே சொட்டும். பீலியின் முகத்தில் கறுப்புக் கோடுகள் இறங்கியிருந்தால் மூக்கில் அழுக்குப் படிந்திருக்கிறதா என்றும் ஒருக்காப் பாருங்கோ.

அடைமழையில் இன்னொரு தொல்லை. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 2,360 லீற்றர் தண்ணீர். இரண்டு கூரைச் சரிவுகள் சந்திக்கிற மூலையில் அது திரண்டு, வேகமாக வரும். அந்த வேகத்தில் மூக்கைத் தாண்டிப் பாய்ந்து அத்திவாரத்தின் பக்கத்தில் கொட்டும், பிறகு பேஸ்மென்ட் சுவர் ஈரம் பிடிக்கும். மூடி ஏற்கெனவே இருக்கிற வீடென்றால், பெருமழை நாளில் குடையோடு வெளியே நின்று அந்த மூலையை அண்ணாந்து பாருங்கோ. சுவரோரம் மண்ணில் நீளமாகக் குழி விழுந்திருந்தால் அதுவும் சாட்சி.

பனிக்காலத்தில் தகட்டின் விளிம்பில் ஊருகிற தண்ணீர் அங்கேயே உறையும். வாசல் படிக்கு மேலே பனி ஈட்டி தொங்குவது பிள்ளைகள், வயது போனவர்கள் இருக்கிற வீட்டுக்கு ஆபத்து. கூரையோரம் ஐஸ் அணைபோல் கட்டுவதை மூடி தடுக்கும் என்று சொன்னால் நம்பாதேங்கோ. அற்றிக்கில் இருந்து கசிகிற சூடுதான் அதற்கு முதற்காரணம். காசை இன்சுலேஷனில் போடுங்கோ.

என் எண்ணம் இது: ஒரு தட்டு வீடாக இருந்தால், அல்லது பக்கத்தில் பைன் மரம் நின்றால், வளைந்த மூடி வேண்டாம். வசந்தத்தில் ஒருக்கா, இலை எல்லாம் கொட்டின பிறகு ஒருக்கா ஆள் பிடித்துத் துப்பரவாக்குங்கோ. நுண்வலை மூடி சின்னக் குப்பையை நன்றாகத் தடுக்கும், ஆனால் அதன் மேற்பரப்பையும் தட்டிவிட வேண்டும். இரண்டு தட்டு வீடு, சுற்றிவரப் பெரிய இலை மரங்கள் என்றால் வளைந்ததை யோசிக்கலாம்.

யோசிக்கிறதென்றால், ஐந்து வருசத்துக்கு முதல் அவர்கள் போட்ட வீடொன்றைக் காட்டச் சொல்லுங்கோ. மாதிரித் துண்டில் தண்ணீர் ஊற்றிக் காட்டுவது போதாது, அது புதுத் தகடு. கூரை ஓட்டுக்குக் கீழே செருகுகிற வகையா என்று கேளுங்கோ. அப்படியென்றால் கூரை உத்தரவாதம் பாதிக்குமா என்று கூரை போட்டவரிடமும் விசாரியுங்கோ. அடைத்தால் யார் வந்து திறப்பது, அதற்கு எவ்வளவு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். "இண்டைக்கு மட்டும் இந்த விலை" என்று அவசரப்படுத்தினால் அனுப்பிவிடுங்கோ. வீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாலும் பயப்படத் தேவையில்லை: ஒன்ராறியோச் சட்டப்படி, ஒப்பந்தப் பிரதி கைக்கு வந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். அதை எழுத்தில் அனுப்பி, பிரதியை வைத்திருங்கோ.