கண் இமைக்குத் தினமும் பத்து நிமிடம்



"காலையில எழுந்தா இமை ஒட்டிக்குது, மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது" என்று குழுக் கூட்டங்களில் பலர் சொல்கிறீர்கள். இது இமை அழற்சியாக இருக்கலாம். இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபடுவதாலும், கிருமியாலும், தலைப் பொடுகாலும் வரும். 'மெட்ராஸ் ஐ' போல ஒட்டிக்கொள்ளாது. அடிக்கடி திரும்ப வரும். ஆனால் கட்டுக்குள் வைக்கலாம்.

காலை, மாலை செய்ய வேண்டியவை:

1. சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.
2. சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள்.
3. மேல் இமையைக் கீழ்நோக்கியும், கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவுங்கள்.
4. கொதித்து ஆறிய நீரில் சில சொட்டு பேபி ஷாம்பு கலந்து, பஞ்சால் இமை ஓரச் செதிலைத் துடையுங்கள். பிறகு வெறும் நீரால் துடையுங்கள்.

உறுத்தல் இருக்கும்போது மை வேண்டாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள். பொடுகுக்கும் வைத்தியம் பாருங்கள்.

கவனம்! மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம். சிவப்பு சீக்கிரம் குறையும். ஆனால் வாரக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் கூடிப் பார்வையே பறிபோகலாம். அப்படிப் போன பார்வை திரும்பாது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீங்க.

வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தில் கண் கூசுதல் இருந்தால் அன்றே கண் டாக்டரிடம் போங்கள்.

கூட்டத்தில் பேச: நம் வீட்டில் பழைய சொட்டு மருந்து பாட்டில் இருக்கிறதா? அதை யார் எழுதிக் கொடுத்தார்?