எலும்புப் பையைப் பிரிக்கும் முன்

அகழாய்வுக் குழியில் முதன்முறை இறங்கும் பிள்ளைகளுக்கு:

1. மண்ணைச் சலிக்காமல் கொட்டாதீர்கள். கையால் பொறுக்கினால் மாட்டெலும்பு அகப்படும். மீன் முள்ளும் அணில் பல்லும் மண்மேட்டுக்குப் போய்விடும். இலங்கை களுத்துறை மாவட்டத்துப் பாஹியங்கல குகையில் ஏறக்குறைய 45,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் குடியேறினர். அங்கே இனங்கண்ட எலும்புகளில் 70 விழுக்காட்டுக்கு மேல் குரங்கும் அணிலும்தான். மழைக்காட்டில் வேட்டையாடிப் பிழைப்பது அரிது என்ற பழைய எண்ணத்தை அசைத்தவை அந்தச் சிற்றெலும்புகள்.

2. குழி எண், மண்ணடுக்கு, தேதி: மூன்றையும் பையில் அப்போதே எழுதுங்கள்.

3. எலும்பு கிடைத்ததாலேயே தின்றார்கள் என்று ஆகிவிடாது. எல்லாவற்றிலும் இதுவே முக்கியம். கீழடி எலும்புத் துண்டுகள் 70ஐப் புணே டெக்கான் கல்லூரி ஆராய்ந்தது. மாடு, எருமை, ஆடு பாதிக்கு மேல். ஆனால் 2019இல் வந்த அறிக்கை வெட்டுத் தழும்பு கண்டதாகச் சொல்வது மான், வெள்ளாடு, காட்டுப்பன்றி எலும்புகளில். மாடும் எருமையும் பெரும்பாலும் உழவுக்கு என்கிறது. மாடு தின்றார்கள் என்று எழுதச் சொல்பவரும் வருவார், தின்னவே இல்லை என்று எழுதச் சொல்பவரும் வருவார். இருவருக்கும் எலும்பில் இருப்பதை மட்டும் காட்டுங்கள். தழும்பு இல்லாததும் தின்னாததற்குச் சான்றல்ல. தேர்ந்த கை, கத்தி எலும்பில் படாமலே சதையை எடுத்துவிடும்.

4. தழும்பைச் சாய்வெளிச்சத்தில், லென்ஸ் வைத்துப் பாருங்கள். கத்தி வெட்டு மெல்லிய ஆழக் கோடு, பெரும்பாலும் மூட்டருகே இருக்கும். எலி கொறித்தால் அடுத்தடுத்துத் தட்டைக் கீறல்கள். நாய் முனைகளைக் குதறும். வேர் அரித்த தடம் நெளியும். வெட்டு வெளிறிப் புதிதாகத் தெரிந்தால் அது நம் கொத்துக்கரண்டி பட்டது.

5. தாடையைப் பொன்போலப் பாருங்கள். பல் தேய்மானம் வயதைச் சொல்லும். வளர்ந்து எடை கூடிய இளங்கிடாக்களே மிகுதியாக அறுபட்டிருந்தால் கறிக்கு வளர்த்த மந்தை. பால்குடிக் குட்டிகள் மிகுந்தால் பாலுக்கு வளர்த்ததாக இருக்கலாம். துருக்கியின் ஆஷ்வான் காலே ஆட்டுத் தாடைகளைக் கொண்டு செபாஸ்டியன் பெய்ன் 1973இல் வகுத்துத் தந்த வழி இது.

6. துண்டுகளின் எண்ணிக்கை விலங்குகளின் எண்ணிக்கை அல்ல. மஜ்ஜைக்காக உடைத்த ஒரே காலெலும்பு பத்துத் துண்டாகலாம். இடப்பக்கத் தொடையெலும்பு ஐந்து இருந்தால், குறைந்தது ஐந்து விலங்கு.

7. கறிக்கடையில் ஆட்டுத்தலை, கால், கோழி வாங்கி வேகவைத்து, எலும்புகளை எண்ணிட்டு அடுக்கி வையுங்கள். குழியில் கிடைத்த எலும்பை அவற்றின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டும் செம்மறியா வெள்ளாடா என்று பிரியவில்லையென்றால், ‘ஆடு’ என்று மட்டும் எழுதுங்கள்.