ஒரே ரீடிங், மூன்று நோட்டு

பிஎச்.டி. சேருகிறவர்கள் ஆய்வு நெறி பற்றிய 2 கிரெடிட் பாடத்தைப் படித்தாக வேண்டும் என்று 2019 இறுதியில் பல்கலைக்கழக மானியக் குழு சொல்லிவிட்டது. மொத்தம் 30 மணி நேரம். பல இடங்களில் அது ஸ்லைடைப் பார்த்து வாசிக்கும் வகுப்பாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. சுற்றுச்சூழல் அறிவியல் மாணவர்களுக்கு அதை எடுக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால், நான் எடுக்கும் விதத்தைச் சொல்கிறேன்.

முதல் வகுப்பில் ‘நெறி’ என்ற சொல்லையே எடுக்காதீர்கள். ஓர் ஏரியில் ஐந்து இடங்களில் அளந்த கரைந்த ஆக்சிஜன் அளவு என்று போர்டில் எழுதுங்கள்: லிட்டருக்கு 5.8, 6.1, 5.4, 6.0, 1.2 மில்லிகிராம். கடைசி ரீடிங்கை வைப்பதா, எடுப்பதா? வகுப்பை இரண்டு அணியாக்கி, அணிக்கொரு களக்குறிப்புத் தாளைக் கொடுங்கள். ஓர் அணியின் தாளில், “5ஆவது இடம்: சாக்கடைக் குழாய் வாய். நாற்றம். மீன் செத்து மிதக்கிறது.” இன்னொன்றில், “5ஆவது இடம்: மீட்டரில் எண் நிற்கவே இல்லை. புரோப் சவ்வு கிழிந்திருக்கிறது.” ஓர் அணி வைக்கச் சொல்லும், மற்றது எடுக்கச் சொல்லும். நன்றாகச் சண்டை போடட்டும். பிறகு தாள்களை மாற்றிக் கொடுங்கள். சத்தம் அடங்கியதும் மூன்றாவது தாளைக் காட்டுங்கள். அதில் 5ஆவது இடத்துக்கு நேரே வெறும் 1.2 மட்டும் இருக்கும், குறிப்பு ஒன்றும் இராது. நம் பிள்ளைகள் களத்திலிருந்து கொண்டுவரும் நோட்டு பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான்.

அடுத்த வகுப்புக்கு ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மீன் குஞ்சுகள் இரையை விட்டுவிட்டு நுண்பிளாஸ்டிக்கை விரும்பித் தின்கின்றன என்று 2016இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. கட்டுரையில் சொன்னபடி சோதனை நடக்கவில்லை என்று வேறு ஆய்வாளர்கள் புகார் கொடுத்தார்கள். மூலத் தரவு எங்கே என்று கேட்டால், லேப்டாப் திருடுபோய்விட்டது, வேறு பிரதி இல்லை என்று பதில். 2017இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. கதையோடு விடாதீர்கள். அங்கேயே எல்லோரையும் தங்கள் தரவு எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். ‘என் பென்டிரைவில்’ என்று எழுதியவர்களுக்கு ஒரு வாரம் அவகாசம்.

மூன்றாவதாக மனிதர்கள். அகத்தியமலையில் 1987இல் வழிகாட்ட வந்த காணிப் பழங்குடியினர் களைப்பில்லாமல் நடந்ததைத் தாவரவியலாளர்கள் கவனித்தார்கள். வழியில் அவர்கள் மென்றது ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காய். அந்தச் செடியைக் கொண்டு ‘ஜீவனி’ என்ற மருந்து பிறந்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடானது. நன்மைப் பகிர்வுக்கு உலகமே காட்டும் முன்மாதிரி இது. ஆனால் வேறு ஊராட்சிகளின் காணிகள் சிலர், எங்களை யார் கேட்டது என்று எதிர்த்தார்கள். சில வழிகாட்டிகள் சொன்னால் அது குலத்தின் சம்மதமா? இந்தக் கேள்விக்கு நீங்கள் விடை சொல்லிவிடாதீர்கள். ஒப்புதல் படிவம் ஒன்றைத் தமிழில், ஒரு மீனவருக்கு வாசித்துக் காட்டக்கூடிய மொழியில் எழுதி வரச் சொல்லுங்கள். ‘பங்கேற்பாளர்’ என்று தொடங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இதையொட்டி, ஜி.பி.எஸ்ஸில் குறித்த இடத்தை வெளியிடுவதா என்ற பேச்சும் வரட்டும். சீனாவில் ஒரு பல்லியினத்தை 1999இல் விவரித்து இடத்தையும் அச்சிட்டார்கள். செல்லப்பிராணி வியாபாரத்துக்குப் பிடிப்பவர்கள் அதைப் பார்த்தே போய், அங்கே ஒன்றுகூட மிஞ்சாமல் அள்ளிவிட்டார்கள். அரிய உயிரியின் இடத்தைக் கட்டுரையில் எவ்வளவு துல்லியமாகப் போடுவது என்று ஒவ்வொருவரும் தன் ஆய்வை வைத்துச் சொல்லட்டும்.

கருத்துத் திருட்டுக்கு அரை மணி போதும். மென்பொருள் காட்டும் ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை என்கிறது மானியக் குழுவின் 2018 விதி. அதைப் பிள்ளைகள் 10 சதவீதம் திருட அனுமதி என்று படித்துவைத்திருக்கிறார்கள். அந்த நினைப்பை மட்டும் கலைத்துவிடுங்கள். யார் பெயர் முதலில் வருவது, சாம்பிள் எடுத்துக் கொடுத்த ஜூனியருக்கு இடம் உண்டா என்பதைப் பேசும் நாளில் கைடுகளை உள்ளே விடாதீர்கள். அவர்கள் இருந்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கடைசி வகுப்பில் உங்கள் பழைய களநோட்டை மேசையில் வைத்து, குறை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். என் நோட்டில் ஒரு பக்கத்தில் ஓர் எண்ணுக்கு மேல் வெள்ளை மை பூசி வேறு எண் எழுதியிருக்கிறேன். வருஷா வருஷம் யாராவது அதைத் தடவிப் பார்த்து, “இது எதுக்கு சார் மாத்தினீங்க?” என்று கேட்பார்கள். எனக்கு ஞாபகமில்லை.