தகட்டுக்கு ஏற்ற றிவெற்: வாங்கும் முன் அறிய வேண்டியவை

வீட்டுக்கெனக் கிடைக்கும் கூரைத்தகடு, பீலி, கதவுத்தகடு ஆகியவை பல மாரிகளைத் தாங்க வேண்டிய பொருட்கள். அவற்றில் பல இடங்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது பொப் றிவெற் என்று கடைகளில் சொல்லும் சிறிய ஆணிதான். ஒரு பிடி றிவெற்றின் விலை ஒரு தகட்டின் விலைக்குக் கிட்டவும் வராது. ஆனால் பிழையான றிவெற் போட்டால், கெட்டுப்போவது றிவெற் மட்டுமல்ல. அதைச் சுற்றியுள்ள தகடும்தான். உதவித் திட்டத்தில் ஒருமுறை கிடைத்த தகடு மறுமுறை கிடைக்கும் என்று எண்ணியிருக்க முடியாது.

வேலையைத் தொழிலாளி ஒருவரிடம் ஒப்படைத்தாலும், பொருளை வாங்குபவர் பெரும்பாலும் வீட்டுக்காரர்தான். குடும்பப் பொறுப்பைத் தனியே சுமக்கும் பெண்கள் பலரும் இன்று இரும்புக்கடைக்குத் தாங்களே போகிறார்கள். கடையில் என்ன கேட்க வேண்டும், கொடுத்ததை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதை இந்தப் பாடம் சொல்லித் தருகிறது.

பொப் றிவெற் என்பது என்ன?

இதில் இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று, தொப்பி போன்ற தலையுடைய சிறு குழாய். மற்றது, அந்தக் குழாயின் நடுவே ஓடும் நீண்ட ஊசி. ஊசியின் மறுமுனையில் ஒரு குமிழ் இருக்கும். தகடுகளைத் துளைத்து, குழாயைத் துளைக்குள் விட்டு, றிவெற் குறட்டால் ஊசியை இழுக்கும்போது அந்தக் குமிழ் குழாயின் பின்பக்கத்தை விரித்து நசுக்குகிறது. தகடுகள் இறுகியதும் ஊசி தானாக முறிந்து வெளியே வரும்.

முன்பக்கத்தில் நின்றே முழு வேலையையும் முடிக்கலாம் என்பதே இதன் சிறப்பு. இரும்புப் பெட்டிக் குழாய், பீலியின் மூலை, மூடிய கதவுச் சட்டம் போன்ற இடங்களில் பின்னால் கை விட்டுச் சுரை முறுக்க முடியாது. அங்கே பொப் றிவெற் உதவும்.

முதற் கேள்வி: தகடு எந்த உலோகம்?

ரோச் லைட்டில் பழைய பற்றறியை நெடுநாள் விட்டு வைத்தால் அதன் உறை கரைந்து ஒழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உறை நாகத்தால் ஆனது. மின்சாரம் தரும்போது நாகம் மெல்ல மெல்லக் கரைந்துபோகிறது. இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, அவற்றின் மேல் ஈரம் நின்றால், கூரையிலும் இதே வேலை நடக்கும். இரண்டில் பலவீனமான உலோகம் அரிக்கப்படும். உப்புக் கலந்த ஈரமாக இருந்தால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். ஆகவே முல்லைத்தீவு, மன்னார், வடமராட்சி கிழக்கு போன்ற கரையோரங்களில் இருப்பவர்கள் உள்ளூரில் இருப்பவர்களைவிடக் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்.

இதற்கான பொது விதி எளிது: தகடு எந்த உலோகமோ, றிவெற்றும் அதே உலோகமாகவோ அதற்கு நெருங்கிய உலோகமாகவோ இருக்க வேண்டும்.

அலுமினியத் தகடு: அலுமினிய றிவெற் போடவும். இரும்பு றிவெற் போட்டால் அதுவும் கறள் பிடிக்கும். துளையைச் சுற்றி அலுமினியமும் பொரிந்து ஓட்டை பெருக்கும்.

நாகம் பூசிய தகரம், அலுமினியமும் நாகமும் கலந்து பூசிய கூரைத்தகடு: இவற்றுக்கும் அலுமினிய றிவெற்றே பொருத்தம். செம்பு றிவெற்றை ஒருபோதும் போட வேண்டாம். செம்பு பட்ட இடத்தில் நாகப் பூச்சு விரைவில் போய்விடும். விலை கூடியது என்பதற்காக ஸ்ரெயின்லெஸ் றிவெற்றும் இந்தத் தகடுகளுக்குத் தேவையில்லை. கடற்கரையில் அது நன்மையைவிடத் தீமையே செய்யலாம்.

இரும்புச் சட்டம், இரும்புக் கதவு: இரும்பு றிவெற் போட்டு, மேலே கறள் தடுக்கும் பூச்சும் வர்ணமும் பூசவும். பெரிய இரும்புப் பரப்பில் சிறிய அலுமினிய றிவெற் இருந்தால், கடற்காற்றில் அரிப்பு முழுவதும் அந்தச் சிறு றிவெற்றின் மேல்தான் இறங்கும். வெளிப்பார்வைக்குக் கதவு நல்லபடி இருக்கும். ஒருநாள் பிணைச்சல் கையோடு கழன்று வரும். கரையோரத்தில் இரும்புச் சட்டத்துக்கு ஸ்ரெயின்லெஸ் றிவெற் வாங்க வசதியிருந்தால் அதுவும் நல்லது.

ஸ்ரெயின்லெஸ் தகடு: ஸ்ரெயின்லெஸ் றிவெற் மட்டுமே.

ஊசியின் உலோகத்தையும் கேளுங்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது அலுமினியக் குழாயும் இரும்பு ஊசியும் கொண்டது. ஊசி முறிந்தபின் அதன் ஒரு துண்டு குழாய்க்குள்ளேயே நின்றுவிடும். மழை படும் இடத்தில் அந்தத் துண்டு கறள் பிடித்துச் சிவப்பு நீராக வடியும். வீட்டுக்கு உள்ளே இது பெரிய குறையல்ல. வெளியே, முக்கியமாகக் கடற்கரையில், ஊசியும் அலுமினியமாக உள்ளதைத் தேடுவது நல்லது.

கடையில் சோதிப்பது எப்படி?

ஒரு சிறு காந்தத்தைக் கொண்டு போங்கள். பழைய ஒலிபெருக்கியில் இருந்து கழற்றியது போதும். முழு றிவெற்றில் காந்தத்தை வைத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இரும்பு ஊசி உள்ளே இருந்தால் எந்த றிவெற்றும் ஒட்டும். ஒன்றை எடுத்து, ஊசியைத் தலைப்பக்கமிருந்து தட்டிக் கழற்றிவிட்டு, குழாயை மட்டும் சோதியுங்கள்.

குழாய் காந்தத்தில் பலமாக ஒட்டினால் அது இரும்பு. ஒட்டாமல், கத்தி முனையால் சுரண்டும்போது மெல்லிதாகச் சீவுப்பட்டால் அலுமினியம். ஒட்டாமலும் சீவுப்படாமலும் கடினமாக இருந்தால் ஸ்ரெயின்லெஸ். செந்நிறமாக இருந்தால் செம்பு. அதைத் திருப்பிக் கொடுங்கள்.

“அண்ணை, குழாயும் ஊசியும் என்ன உலோகம்? பீலிக்குப் போடத்தான் கேட்கிறன்” என்று பாவிக்கப் போகும் இடத்தையும் சேர்த்துக் கேட்டால், கடைக்காரரும் சரியானதை எடுத்துத் தருவார்.

இரண்டாவது கேள்வி: எந்த வகை?

திறந்த முனை றிவெற்: எங்கும் கிடைக்கும், விலை குறைந்தது. ஊசி நின்ற துளை வழியாக நீர் கசியக்கூடும். கதவு, அலுமாரி, உட்சுவர்த் தகடு ஆகியவற்றுக்குப் போதும்.

மூடிய முனை றிவெற்: இதன் பின்முனை குப்பி போல் அடைபட்டிருக்கும். நீர் உட்புகாது. பீலிக்கும் முகட்டுத் தகட்டு இணைப்புக்கும் இதுவே ஏற்றது.

அகன்ற தலை றிவெற்: தலை பெரிதாக இருப்பதால் பிடிப்பைப் பரவலாக்கும். மெல்லிய தகடு, பிளாஸ்ரிக் சீற் போன்ற கிழியக்கூடிய பொருளைச் சட்டத்தில் பிடிக்க உதவும். அகன்ற தலை மென்மையான பொருளின் பக்கமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: எந்த அளவு?

கடைகளில் பெரும்பாலும் 3.2, 4.0, 4.8 மில்லிமீற்றர் தடிப்பான றிவெற்கள் கிடைக்கும். பீலி, முகட்டுத் தகடு போன்ற மெல்லிய தகடுகளுக்கு 3.2 அல்லது 4.0 போதும். பிணைச்சல், கொண்டி போன்று இழுபடும் பொருளுக்கு 4.8 எடுக்கவும்.

நீளத்தைக் கணக்கிடும் முறை: இணைக்கும் தகடுகளின் மொத்தத் தடிப்போடு, றிவெற்றின் தடிப்பை ஒன்றரை மடங்காக்கிக் கூட்டவும்.

உதாரணம் 1: அரை மில்லிமீற்றர் தடிப்பான இரண்டு பீலித் துண்டுகள். மொத்தம் 1 மில்லிமீற்றர். றிவெற் 3.2 என்றால் அதன் ஒன்றரை மடங்கு 4.8. கூட்டினால் 5.8. ஆகவே 6 மில்லிமீற்றர் நீளமானது வேண்டும்.

உதாரணம் 2: 2 மில்லிமீற்றர் பிணைச்சல், 1.5 மில்லிமீற்றர் தடிப்பான இரும்புக் குழாய்ச் சட்டம். மொத்தம் 3.5. றிவெற் 4.8 என்றால் அதன் ஒன்றரை மடங்கு 7.2. கூட்டினால் 10.7. அதற்கு அடுத்த அளவான 12 மில்லிமீற்றர் எடுக்கவும்.

நீளம் குறைந்தால் பின்பக்கம் விரிய இடமில்லை, காற்றில் கழன்றுவிடும். மிகவும் கூடினால் குழாய் உள்ளே கோணலாக நசுங்கி, தகடு இறுகாமல் ஆடும். பெட்டியில் பிடிப்பு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றவும். தகட்டை கேஜ் இலக்கத்தில் வாங்கும்போது, இலக்கம் கூடக்கூடத் தகடு மெல்லியது என்பதை நினைவில் வைக்கவும்.

பொருத்தும்போது

1. றிவெற்றைவிட 0.1 மில்லிமீற்றர் பெரிய டிறில் அலகு பாவிக்கவும்: 3.2க்கு 3.3, 4.0க்கு 4.1, 4.8க்கு 4.9. ஆணியால் குத்தித் துளைக்க வேண்டாம். துளை கிழிந்து பெருக்கும்.

2. துளையின் நடு, தகட்டின் விளிம்பிலிருந்து றிவெற் தடிப்பின் இரண்டு மடங்காவது தள்ளி இருக்கட்டும். 4.8 றிவெற்றுக்கு 1 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம்.

3. பீலி இணைப்பில் மேல்நீர் வரும் துண்டு உள்ளேயும், நீர் போகும் பக்கத் துண்டு வெளியேயும் இருக்க வேண்டும். இடையில் சிலிக்கன் பூசி, 4 முதல் 5 சென்ரிமீற்றருக்கு ஒரு றிவெற் போடவும். வினாகிரி மணம் வீசும் சிலிக்கன் நாகப் பூச்சை அரிக்கும். மணமற்ற வகையைக் கேட்டு வாங்கவும்.

4. துளைத்தபின் விழும் இரும்புத் தூளைத் தும்புத்தடியால் உடனே கூட்டி அகற்றவும். ஓர் இரவு மழையில் அது கறள் பிடித்துத் தகட்டில் புள்ளி விழுத்தும்.

5. கண்ணாடி அணியவும். முறியும் ஊசி தெறிக்கக்கூடும். சிறுவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லவும். முறிந்த ஊசிகளை ஒரு ரின்னில் சேர்க்கவும். வெறுங்காலோடு நடக்கும் முற்றம் அது.

6. பழைய றிவெற் ஆடினால், அதன் தலையை டிறிலால் குடைந்து எடுத்துவிட்டு, ஓர் அளவு பெரிய றிவெற் போடவும்.

றிவெற் போடக்கூடாத இடங்கள்

கூரைத்தகட்டை மரச் சிலாகையில் பிடிக்கப் பொப் றிவெற் உதவாது. அதற்கு றப்பர் வோசர் உள்ள கூரைத் திருகாணி வேண்டும். வீட்டின் பாரத்தைத் தாங்கும் சட்டங்களுக்கு போல்ற்றும் சுரையும் போடவும். சமையல் பாத்திரக் கைப்பிடிக்கும் இது வேண்டாம்; ஓட்டையான குழாய்க்குள் உணவு தங்கும். அஸ்பெஸ்ரஸ் சீற்றை டிறிலால் துளைக்க வேண்டாம். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு.

பழைய உலோகம் பற்றிய எச்சரிக்கை

தகட்டுத் துண்டோ கம்பியோ தேவைப்படும்போது, காணியிலும் பற்றைக்குள்ளும் கிடக்கும் பழைய உலோகத்தை எடுத்துப் பாவிக்கத் தோன்றும். போர் நடந்த இடங்களில் அப்படிக் கிடப்பது வெடிக்காத குண்டாகவோ அதன் பாகமாகவோ இருக்கலாம். இனங்காண முடியாத எந்த உலோகத்தையும் தொடவோ, தட்டவோ, துளைக்கவோ வேண்டாம். இடத்தை மனதில் குறித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவிக்கவும். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வைக்கவும். எந்தத் தகட்டுத் துண்டும் ஒரு கையின் பெறுமதிக்கு ஈடாகாது.

மாரிக்கு முன்

வடக்கு கிழக்கைத் தாக்கிய பெரும் புயல்களில் 1964, 1978, 2008ஆம் ஆண்டுகளில் வந்தவை நவம்பர், டிசெம்பர் மாதங்களிலேயே வந்தன. ஆகவே ஒவ்வொரு வருடமும் புரட்டாதி முடிவதற்குள் ஒருமுறை வீட்டைச் சுற்றி வந்து பாருங்கள். றிவெற் தலையைச் சுற்றிச் சிவப்புக் கோடு வடிந்திருக்கிறதா, வெள்ளைப் பொடி படிந்திருக்கிறதா, தகட்டை விரலால் அமர்த்தும்போது கிறீச்சிடுகிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த றிவெற்றை மாற்றும் காலம் வந்துவிட்டது.

பீலி ஒழுகாமல் இருப்பதன் பயனையும் எண்ணிப் பாருங்கள். 10 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது 100 லீற்றர் நீர். கிணறு இன்னும் துப்புரவு செய்யப்படாத காணியில், அந்த நீர் ஒரு குடும்பத்தின் துவைப்புக்கும் கழுவலுக்கும் உதவும்.

கடைக்குப் போகும்போது ஒரு துண்டுத் தாளில் மூன்றை எழுதிக்கொண்டு போங்கள்: தகடு எந்த உலோகம், மொத்தத் தடிப்பு எவ்வளவு, மழை படும் இடமா இல்லையா. கையோடு ஒரு காந்தமும் இருக்கட்டும்.