குடியேற்றத் தடையும் நிர்வாக அதிகாரத்தின் வரம்பும்

அந்நிய நாட்டவரை எல்லைக்குள் அனுமதிப்பதும் மறுப்பதும் ஒவ்வோர் அரசுக்கும் உரிய இறைமை அதிகாரமாகும். ஆயினும், அவ்வதிகாரத்தை நிர்வாகத் துறை எக்காரணங்களுக்காகச் செலுத்தலாம், யாருக்குப் பதில் கூற வேண்டும் என்பவை மக்களாட்சியில் சட்டத்தால் வரையறுக்கப்பட வேண்டியவை. இவ்வகையில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவம் ஆராயத்தக்கது.

சட்டத்தில் இருந்த பாகுபாடு

அந்நாட்டில் பாகுபாடு முதலில் சட்டத்திலேயே இடம்பெற்றிருந்தது. 1882-இல் சீனத் தொழிலாளரின் வருகை தடுக்கப்பட்டது. 1917-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதிகளின் மக்களை விலக்கியது. 1946-இல் இத்தடை தளர்ந்தபோதும் இந்தியருக்கு ஆண்டுக்கு 100 இடங்களே ஒதுக்கப்பட்டன. 1965-ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய மூல அடிப்படையிலான ஒதுக்கீட்டை ஒழித்தது. குடியேற்ற விசா வழங்குவதில் இனம், பால், நாட்டுரிமை, பிறந்த இடம், வசிப்பிடம் ஆகியவற்றால் பாகுபாடு காட்டலாகாது எனவும் விதித்தது. மதம் இப்பட்டியலில் இல்லை.

இரு விதிகளின் முரண்

இதற்கு முன்பே, 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 212-ஆம் பிரிவு அதிபருக்கு விரிவான அதிகாரம் அளித்திருந்தது. நாட்டு நலனுக்கு ஊறு எனக் கண்டால், எந்த வகை அந்நியரின் நுழைவையும், தாம் தேவையெனக் கருதும் காலம்வரை, அவர் பிரகடனத்தால் நிறுத்தி வைக்கலாம்.

2017 ஜனவரியில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் 7 நாடுகளின் மக்களுக்கு 90 நாள் தடை விதிக்கப்பட்டது. நீதிமன்றங்கள் குறுக்கிட்டதால் ஆணை இருமுறை மாற்றியமைக்கப்பட்டது. மூன்றாவது வடிவத்தை 2018 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் ஏற்றது. 1965-ஆம் ஆண்டு விதி விசா வழங்கலைத்தான் கட்டுப்படுத்தும். நுழையத் தகுதியுடையோர் யார் என்பதை அன்று எனப் பெரும்பான்மை நீதிபதிகள் விளக்கினர்.

வரம்பிடும் முயற்சி

2021 ஜனவரி 20 அன்று புதிய அதிபர் அத்தடையை நீக்கினார். ஏப்ரலில் பிரதிநிதிகள் சபை 218-208 என்ற வாக்குகளில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அதன் முக்கியக் கூறுகள்:

1. பாகுபாட்டுத் தடை நுழைவுக்கும் மதத்துக்கும் விரிவாதல்.
2. தடைக்குக் குறிப்பான, நம்பத்தகுந்த ஆதாரம் காட்டுதல்.
3. நோக்கம் நிறைவேறத் தேவையான மிகக் குறைந்த கட்டுப்பாட்டையே விதித்தல்.
4. 48 மணி நேரத்துக்குள் காங்கிரசுக்கு அறிக்கை அளித்தல். தவறினால் தடை முடிவுறுதல்.
5. பாதிக்கப்பட்டோர் நீதிமன்றத்தை அணுகுதல்.

செனட் சபையில் இம்மசோதா நிறைவேறவில்லை. 212-ஆம் பிரிவு மாறாமல் நின்றது. 2025 ஜூனில் அதே பிரிவின்கீழ் 12 நாட்டவருக்கு முழுத் தடையும் 7 நாட்டவருக்குப் பகுதித் தடையும் விதிக்கப்பட்டன.

படிப்பினை

போர், கொள்ளைநோய் போன்ற நெருக்கடிகளில் விரைந்து செயல்பட நிர்வாகத்துக்கு அதிகாரம் தேவையே. மேற்கண்ட மசோதாவும் அதைப் பறிக்கவில்லை. காரணமும் கணக்கும் காட்டுமாறே கோரியது. ஓர் ஆணையால் நீங்கிய தடை மற்றோர் ஆணையால் மீளக்கூடும். சட்டம் அளித்த அதிகாரத்துக்குச் சட்டமே நிலையான வரம்பு. பதவியில் இருப்போரின் நல்லெண்ணம் அதற்கு ஈடாகாது.