வியாபார ஆங்கிலம்: கட்டும் சொல்லும் கட்டாத சொல்லும்



ஆங்கிலம் சரளமாக வராது என்ற காரணத்தினால், வெளியூர், வெளிநாட்டு வியாபாரிகளுடன் நேரில் பேசுவதற்கு நமது நிர்வாக சபையினர் பலர் தயங்குகின்றனர். இத்தயக்கத்தினால் இரண்டு தீமைகள் விளைகின்றன. பேசும் பொறுப்பு முழுவதும் இடைத்தரகரின் கைக்குப் போய்விடுகிறது. சரக்கின் இலாபத்தில் ஒரு பங்கும் அவருடன் போய்விடுகிறது. அன்றியும், ஆங்கிலத்தில் வரும் கடிதங்களுக்கெல்லாம் பொருளை முழுதும் ஆராயாமல் சம்மதம் எழுதிவிட்டுப் பின்னர் நஷ்டத்தைச் சங்கம் சுமக்க நேரிடுகிறது. அந்த நஷ்டம் கடைசியில் தறியில் அமர்ந்திருப்பவரின் கூலியிலும், வயலில் நிற்பவரின் விலையிலும் வந்து விழுகிறது.

இதற்குப் பரிகாரம் என்ன? ஆங்கில இலக்கணம் முழுவதையும் கற்றுத் தேறுவது நல்லதுதான். ஆனால் அதுவரையில் வியாபாரம் காத்திருக்காது. வியாபார ஆங்கிலத்தின் சொற்களை நாம் இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு வகை, சொன்னவரைக் கட்டுப்படுத்தும். மற்றொரு வகை, எவரையும் கட்டுப்படுத்தாது. எச்சொல் எவ்வகை என்று அறிந்தவர் தட்டுத்தடுமாறிப் பேசினாலும் சங்கத்துக்குக் கேடு வராது. அதை அறியாதவர் எவ்வளவு அழகாகப் பேசினாலும் ஆபத்துதான். இந்தப் பாடத்தில் அந்த வித்தியாசத்தையே ஆராய்வோம்.

கூட்டங்களில் வழங்கும் ஆங்கிலம் படித்த சீமான்களின் சொத்து என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி, இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், டோட் லேன் என்னும் தெருவில் ஒரு சிறு கடையைத் திறந்து கூட்டுறவுக்கு வழிகாட்டிய 28 பேரில் நெசவாளர்களும் இருந்தனர். தறியில் உழைத்த மக்களும் கூடிப் பேசித் தீர்மானம் செய்த மொழி அது.

கூட்டத்தில்

கூட்ட நடைமுறைக்குரிய சொற்கள் நமக்கு முற்றிலும் புதியவையல்ல. 'மோஷன்' என்பது பிரேரணை. அதை ஆமோதிப்பது 'செகண்ட்' செய்வது. 'அமெண்ட்மென்ட்' என்பது திருத்தம். கூட்டம் செல்லுபடியாவதற்கு வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை 'கோரம்'. நடந்தவற்றை எழுதி வைக்கும் குறிப்பு 'மினிட்ஸ்'. நடைமுறை விதி மீறப்பட்டால் 'பாயின்ட் ஆஃப் ஆர்டர்' என்று எழுந்து கூறி அக்கிராசனரின் கவனத்தை ஈர்க்கலாம். விவாதத்தில் தம் அபிப்பிராயத்தைச் சொல்வதற்கு இதைப் பயன்படுத்தலாகாது.

இவற்றைவிட நாம் கவனிக்க வேண்டியவை, சம்மதம்போலத் தோன்றும் சில சொற்கள். நாம் ஒரு கோரிக்கையை வைக்கிறோம். எதிர்த்தரப்பினரின் குறிப்பில் 'நோட்டட்' என்று பதிவாகிறது. நாம் கூறியதைக் கேட்டுக்கொண்டார்கள் என்பது மட்டுமே அதன் பொருள். ஏற்றுக்கொண்டதாக ஆகாது. 'அக்ரீட் இன் பிரின்சிபிள்' என்றால் கொள்கையளவில் உடன்பாடு உண்டு, விவரங்கள் இனிமேல்தான் தீர வேண்டும் என்று பொருள். அதை நம்பி நூலை வாங்கிப் பாவு ஓட்டிவிடக் கூடாது. 'வி வில் கன்சிடர் இட்' என்பது யோசிப்போம் என்பதுதான். 'தட் மே பி டிஃபிகல்ட்' என்பதைக் 'கொஞ்சம் சிரமம்' என்று மொழிபெயர்த்துக்கொண்டு நம்பிக்கையுடன் திரும்புவோர் உண்டு. ஆங்கிலேயரின் மரியாதைப் பேச்சில் அது பெரும்பாலும் மறுப்பாகும்.

இத்தகைய குழப்பம் ஆங்கிலத்தையே தாய்மொழியாக உடையவர்களுக்கும் ஏற்படுவதுண்டு. ஓர் அறிக்கையை 'டேபிள்' செய்வது என்றால், பிரிட்டிஷ் வழக்கில் அதை உடனே விவாதத்துக்கு எடுத்துக்கொள்வதாகும். அமெரிக்க வழக்கில் அதே சொல் விவாதத்தை ஒத்தி வைப்பதைக் குறிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் கூடிய கூட்டம் ஒன்றில் இச்சொல்லால் நீண்ட வாக்குவாதம் நடந்ததையும், இரு சாராரும் விரும்பியது ஒன்றே என்பது பிறகுதான் விளங்கியதையும் வின்ஸ்டன் சர்ச்சில் தமது போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவர்களுக்கே அந்நிலையென்றால், நாம் பொருள் விளங்காத இடத்தில் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. 'வாட் எக்ஸாக்ட்லி டு யூ மீன் பை தட்?' என்னும் ஒரு வாக்கியத்தை ஒவ்வொரு சங்கப் பிரதிநிதியும் மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

பேரத்தில்

சொல்லின் எடை மிகுதியாகத் தெரியும் இடம் பேரமேயாகும். இங்கே இரண்டு பழைய வழக்குகள் நமக்கு நல்ல ஆசிரியர்களாக அமைகின்றன.

முதலாவது, 1840ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தீர்ப்பான ஹைட் எதிர் ரெஞ்ச் என்னும் வழக்கு. ரெஞ்ச் என்பவர் தம் பண்ணையை 1,000 பவுனுக்குத் தருவதாக எழுதினார். ஹைட் 950 பவுன் தருவதாகப் பதில் அனுப்பினார். ரெஞ்ச் அதற்கு இசையவில்லை. உடனே ஹைட், 'சரி, கேட்ட 1,000 பவுனையே தருகிறேன்' என்று எழுதினார். ரெஞ்ச் விற்க மறுத்துவிட்டார். ஒப்பந்தம் எதுவும் ஏற்படவில்லை என்று நீதிமன்றம் கூறிற்று. காரணம், 950 என்று எதிர்விலை சொன்ன கணத்திலேயே 1,000 பவுன் என்ற முதல் வாக்கு தள்ளப்பட்டுவிட்டது. தள்ளியதைப் பிறகு தாமாகவே உயிர்ப்பித்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது, 1880ஆம் ஆண்டின் ஸ்டீவன்சன் எதிர் மக்லீன் என்னும் வழக்கு. இரும்பு விற்பவர் ஒருவர், டன்னுக்கு 40 ஷில்லிங் ரொக்கம் என்று விலை கூறி, திங்கட்கிழமை வரை அவகாசம் அளித்தார். வாங்குவோர் அந்தத் திங்களன்று தந்தி மூலம், இரண்டு மாத காலத்தில் சரக்கைப் பெற்றுக்கொள்ளும் முறையில் 40 ஷில்லிங்குக்கு இசைவீர்களா என்று கேட்டனர். விற்பவர் பதில் சொல்லாமல் சரக்கை வேறொருவருக்கு விற்றுவிட்டார். அச்செய்தி எட்டுவதற்கு முன்பே வாங்குவோர் முதல் விலைக்கே சம்மதம் என்று தந்தி அனுப்பியிருந்தனர். இங்கே ஒப்பந்தம் உண்டு என்பது தீர்ப்பு. ஏனெனில் அவர்கள் எதிர்விலை கூறவில்லை, விசாரித்தார்கள், அவ்வளவே.

ஹைட் எதிர்விலை கூறினார். இரும்பு வாங்குவோர் கேள்வி கேட்டனர். பண்ணை கைநழுவியதும், இரும்பு வியாபாரம் நிலைத்ததும் இந்த வித்தியாசத்தினால்தான். நமது நாட்டு 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும், ஏற்பு என்பது முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்றே தன் 7ஆம் பிரிவில் விதிக்கிறது.

நமது தொழிலில் இதைப் பொருத்திப் பார்ப்போம். ஒரு வியாபாரி 1,000 போர்வைகளை, ஒன்று 600 ரூபாய் வீதம் வாங்கிக்கொள்வதாக எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சங்கத்துக்கு அவ்விலை கட்டும். ஆயினும் சற்று உயர்த்திக் கேட்க விரும்புகிறது. 'அவர் பிரைஸ் இஸ் 640' என்று எழுதினால், அது எதிர்விலை. அவர் மறுத்த பிறகு நாம் 600க்கு இறங்கி வந்தாலும் அவர் வாங்கக் கடமைப்பட்டவரல்லர். மாறாக, 'வி ஹாவ் யுவர் ஆஃபர் அண்டர் கன்சிடரேஷன். வுட் யூ பி ஏபிள் டு இம்ப்ரூவ் தி பிரைஸ் டு 640?' என்று எழுதலாம். உமது விலை எங்கள் யோசனையில் இருக்கிறது, 640 வரை உயர்த்த இயலுமா என்பது இதன் பொருள். கதவைச் சாத்தாமல் கேட்கும் கேள்வி இது. எனினும், நாம் ஏற்றுக்கொள்ளும் வரையில் அவர் தம் வாக்கைத் திரும்பப் பெறலாம் என்பதையும் மறத்தலாகாது. ஆகவே கேட்பதை விரைந்து கேட்டு முடிக்க வேண்டும்.

சங்கத்தின் சார்பில் பேசச் செல்பவருக்குக் கவசமாக விளங்கும் தொடர் ஒன்று உண்டு: 'சப்ஜெக்ட் டு தி அப்ரூவல் ஆஃப் அவர் போர்டு'. எங்கள் நிர்வாக சபையின் ஒப்புதலுக்கு உட்பட்டது என்பது பொருள். தனி வியாபாரி தாமே முடிவு செய்யலாம். நமது பிரதிநிதியோ நூற்றுக்கணக்கான அங்கத்தினரின் உழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார். இத்தொடரைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மையும் ஆகும். எல்லாம் முடிந்து கைகுலுக்கிய பிறகு சொன்னால், வாக்குத் தவறியதாக எதிர்த்தரப்பார் வருந்துவர்.

எழுத்தில்

வாயால் பேசியதை அன்றே எழுதி அனுப்புவது நல்ல பழக்கம். மின்னஞ்சலில் எழுதினாலும் அது ஒப்பந்தமாக நிற்கக்கூடும் என்பதால், சிறு சொல்லையும் நிறுத்துப் பார்த்தே எழுத வேண்டும்.

'ஆஸ் பெர் சாம்பிள்' என்று எழுதினால், அனுப்பும் சரக்கு முழுவதும் மாதிரியின் தரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இதையே கூறுகிறது. ஆகவே சங்கத்திலேயே மிகத் தேர்ந்த நெசவாளர் நெய்த துணியை மாதிரியாக அனுப்பிவிட்டு, மற்றத் தறிகளின் துணியைக் கட்டி அனுப்புவது வம்பை விலைக்கு வாங்குவதாகும். எல்லாத் தறிகளிலும் எட்டக்கூடிய தரமே மாதிரியாகப் போக வேண்டும்.

'அபவுட்' என்னும் சிறு சொல்லுக்கும் எடை உண்டு. ஏற்றுமதியில், 'லெட்டர் ஆஃப் கிரெடிட்' எனப்படும் வங்கியின் உறுதிப் பத்திரத்தின்மேல் பணம் பெறுகிறோம். அதற்குரிய யூ.சி.பி. 600 என்னும் சர்வதேச விதிகள் 2007ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி, அளவுக்கு முன்னால் 'அபவுட்' என்றிருந்தால் நூற்றுக்குப் பத்து வரை கூடவோ குறையவோ அனுப்பலாம். 5,000 மீட்டர் துணி என்றால் 4,500 முதல் 5,500 வரை செல்லும். அச்சொல் இல்லாவிடினும், மீட்டர், கிலோ என அளந்து கொடுக்கும் சரக்குக்கு, பத்திரத்தில் தடை இல்லையானால் நூற்றுக்கு ஐந்து சலுகை உண்டு. பெறும் தொகை மட்டும் பத்திரத்தின் தொகையைத் தாண்டலாகாது. ஆனால் 1,000 சேலை என்று எண்ணிக்கையால் குறித்துவிட்டால் இந்த ஐந்து சலுகை கிடையாது. 990 சேலைகளை அனுப்பிவிட்டு வங்கியில் பணம் கேட்டால் தடை எழும்.

மஞ்சள், மிளகாய் அனுப்பும் விவசாய அங்கத்தினர் கவனிக்க வேண்டியவை 'எஃப்.ஓ.பி.', 'சி.ஐ.எஃப்.' என்னும் குறிகள். 'எஃப்.ஓ.பி. தூத்துக்குடி' என்றால், தூத்துக்குடியில் கப்பலில் சரக்கு ஏறும் வரை செலவும் பொறுப்பும் நம்முடையவை. 'சி.ஐ.எஃப். ஹாம்பர்க்' என்றால், ஹாம்பர்க் துறைமுகம் வரை கப்பல் கூலியையும் குறைந்தபட்ச இன்ஷூரன்ஸையும் நாம் கட்ட வேண்டும். ஆயினும் சரக்கு கெடும் அபாயம் தூத்துக்குடியில் கப்பல் ஏறியதுமே வாங்குபவரைச் சேர்ந்துவிடும். ஒரே விலையை இரண்டு குறிகளுக்கும் எழுதுபவர் கப்பல் கூலியைத் தம் கையிலிருந்து கொடுப்பவராவார்.

சரக்கை எடுத்துரைக்கும்போது

வாங்குவோர் முன்னிலையில் நமது சரக்கைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்தால், அலங்காரப் பேச்சு வேண்டாம். சங்கம் எது, சரக்கு எது, மாதம் எவ்வளவு தர முடியும், எத்தனை நாளில் தர முடியும், விலை என்ன, அவ்விலை எந்தத் தேதி வரை செல்லும் என்ற வரிசையில், ஒரு செய்திக்கு ஒரு சிறு வாக்கியமாகச் சொன்னால் போதும்.

எண்களில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' என்பவை காதில் ஒன்றாகவே விழும். ஆகையால் 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஜீரோ' என்று பிரித்தும் கூற வேண்டும். லட்சம், கோடி என்னும் கணக்கு மேல்நாட்டாருக்கு விளங்காது. பத்து லட்சம் அவர்களுக்கு ஒரு மில்லியன். 5/6 என்று தேதி எழுதினால் நமக்கு ஜூன் 5. அமெரிக்கருக்கு மே 6. மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதிவிட்டால் தகராறு இல்லை.

சரக்கின் குணத்தோடு குறையையும் நாமே முந்திச் சொல்லுவது நலம். நமது சென்னைக் கட்டம் போட்ட கைத்தறித் துணி இதற்குச் சான்று. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் 'மெட்ராஸ்' என்னும் பெயரில் அது அமெரிக்காவில் சட்டைகளாகப் பெருவாரியாக விற்பனையாயிற்று. அதன் சாயம் சலவையில் கசிந்து ஒன்றோடொன்று கலக்கும். குளிர்ந்த நீரில் தனியாக அலச வேண்டும் என்ற செய்தி தொடக்கத்தில் வாங்கியோரைச் சென்றடையாததால் முறையீடுகள் எழுந்தன என்பர். பின்னர் அந்நாட்டு வியாபாரிகள், சாயம் கசிவதையே அத்துணியின் தனிச் சிறப்பாக வெளிப்படையாக விளம்பரம் செய்து விற்றனர். சொல்லாமல் விட்டபோது குறையாக இருந்தது, சொல்லி விற்றபோது பெருமையாயிற்று. 'வாஷ் செபரேட்லி இன் கோல்ட் வாட்டர்' என்னும் ஐந்து சொற்களைச் சீட்டில் அச்சிடுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

பயிற்சி

அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தில், சங்கத்துக்கு வந்துள்ள ஆங்கிலக் கடிதம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உரக்க வாசிக்கட்டும். நம்மைக் கட்டுப்படுத்தும் சொற்களின் கீழ்ச் சிவப்பு மையாலும், எதிர்த்தரப்பாரைக் கட்டுப்படுத்தும் சொற்களின் கீழ் நீல மையாலும் கோடிடுங்கள். கடிதம் முழுவதும் சிவப்பாகவே நிறைந்துவிட்டால், கையெழுத்திடுவதற்கு முன் இன்னொரு கடிதம் எழுதிக் கேட்க வேண்டியவை உண்டு என்று அறிந்துகொள்ளலாம். பிறகு, 640 ரூபாய்க்கு நாம் மேலே எழுதிய கேள்வியை உங்கள் சரக்குக்கும் விலைக்கும் ஏற்ப மாற்றி, வந்திருப்போர் அனைவரும் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

நூல் வாங்கும்போது நம்பரும் முறுக்கும் பாராமல் வாங்குவோமா? விதை வாங்கும்போது முளைப்புத் திறன் அறியாமல் விதைப்போமா? ஆங்கிலச் சொல்லையும் அவ்வாறே பரிசோதித்து ஏற்போமானால், பேரம் பேசும் இடத்தில் நமது சங்கம் எவருக்கும் தாழ்ந்து நிற்க வேண்டியதில்லை.