கிறித்தவக் குடும்பங்களும் மரணசாசனமும்

தந்தையின் ஆஸ்தியைப் பங்கிட்டுத் தரும்படி தன் சகோதரனுக்குச் சொல்லவேண்டுமென்று ஒருவன் இயேசுபெருமானை வேண்டிய செய்தி, லூக்கா சுவிசேஷம் 12-ஆம் அதிகாரத்தில் உள்ளது. பெருமான் அவ்வழக்கைத் தீர்க்க இசைந்தாரில்லை. ஆகவே அது நியாயஸ்தலங்களுக்கு வந்து சேர்ந்தது. இராயப்பரின் பெயர் தாங்கிய இராயபுரத்திலும், திருவொற்றியூரிலும், எண்ணூரிலும் வாழும் நம் சபைக் குடும்பங்கள் பல, துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்துச் சேர்த்த ஒரு வீட்டையும் சேமநிதியையுமே உடைமையாகக் கொண்டவை. தலைவன் மறைந்தபின் அவை எவர்பாற் சேரும் என்பதை அறியாமையால் உடன்பிறந்தார் பகைவராதல் உண்டு. ஆதலின் அதனை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

இவ்வாராய்ச்சிக்கு ஊற்றுக்கண் ஒரு பழைய வழக்கு. பல்லாரியில் வாழ்ந்த மத்தேயு ஆபிரகாம் என்னும் தமிழ்வழிக் கிறித்தவர் 1842-இல் சாசனம் எழுதாமல் இறந்தார். உடைமை கூட்டுக்குடும்பத்துக்குரியது என்றார் அவர் தம்பி பிரான்சிசு. தம் கணவருடையது என்றார் கைம்பெண் சார்லட். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1863-இல் முடிவுற்றது. மதம் மாறியவரை இந்துக் கூட்டுக்குடும்ப விதி தானே பிணித்து நில்லாது என்பதே அம்முடிவின் சாரம். இரண்டாண்டில், 1865-இல், இந்திய வாரிசுரிமைச் சட்டம் எழுந்தது. இன்று நடப்பது அதன் வழித்தோன்றலாகிய 1925-ஆம் ஆண்டுச் சட்டம்.

சாசனமின்றி ஒருவர் மனைவியையும் இரு புதல்வரையும் ஒரு புதல்வியையும் விட்டு இறந்தாரெனக் கொள்வோம். உடைமை 18 இலட்சமாயின், மூன்றிலொரு பங்காகிய 6 இலட்சம் மனைவிக்கு. எஞ்சியதில் மக்கள் ஒவ்வொருவர்க்கும் 4 இலட்சம். புதல்விக்கும் புதல்வர்க்கும் வேற்றுமையில்லை. சீர்வரிசை கொடுத்தாயிற்று, இனி அவளுக்கென்ன என்னும் பேச்சைச் சட்டம் கேளாது. திருவிதாங்கூரில் 1916-ஆம் ஆண்டுச் சட்டம் மகளுக்கு மகன் பங்கில் காற்பங்கு, அல்லது 5,000 ரூபாய், இவற்றுட் குறைந்ததையே அளித்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1986-இல் அந்நிலையை நீக்கிற்று.

ஆனால் ஒரு கொடுமை எஞ்சியுள்ளது. இறந்தவர்க்கு மக்கள் இருப்பின், அவரைப் பெற்ற தாய்க்கு இச்சட்டத்தில் பங்கே இல்லை. அதே வீட்டின் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவள், மகன் சாசனம் எழுதினாலன்றி வெறுங்கையள். இது எமக்கு நீதியாகத் தோன்றவில்லை.

சாசனத்தை நாம் உயில் என்கிறோம். ஆங்கிலச் சொல் தமிழுடை அணிந்து வந்தது அது. அதற்கு முத்திரைத்தாள் வேண்டா. பதிவும் கட்டாயமன்று, எனினும் சார்பதிவாளர்பாற் பதிதல் நலம். எழுதுவோர் கையொப்பமும் சாட்சிகள் இருவர் கையொப்பமும் வேண்டும். சாட்சியிட்டவர்க்கோ அவர்தம் மனைவி அல்லது கணவர்க்கோ சாசனத்தில் எழுதிய கொடை செல்லாது; வீட்டில் அகப்பட்ட மருமகனைச் சாட்சியாக்குவோர் இதனை நினைக்க. பின்னும் ஒன்று: கிறித்தவர் சாசனம் எழுதியபின் மணம் புரிந்தால், அச்சாசனம் அம்மணத்தாலேயே அழியும். மறுமணம் செய்வோர் புதிதாய் எழுதுதல் வேண்டும். சாசன உரிமையை நிலைநாட்ட நீதிமன்ற மெய்ப்பு பெறவேண்டுமென்ற கட்டாயம், 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்தியக் கிறித்தவர்க்கு நீங்கிற்று.

வங்கியில் 'நாமினி' என எழுதப்பட்டவரே உரியவர் என்பது பரவலான மயக்கம். அவர் பணத்தைப் பெற்று வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்கும் கையே. ஆயுள் காப்பீட்டில் மட்டும், பெற்றோர், துணைவர், மக்கள் ஆகியோரை நியமித்தால், 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அவர்க்கே அது உரித்தாம்.

வரியைப் பற்றிய அச்சம் மிகை. 1953-இல் வந்த மரணத் தீர்வை, உச்சத்தில் நூற்றுக்கு 85 வரை ஏறி, 1985-இல் ஒழிந்தது. வாரிசாகப் பெற்றதற்கு இன்று வருமானவரி இல்லை. விற்கும்போது எழும் இலாபத்திற்கே வரி, அதுவும் முன்னோர் கொடுத்த விலையை அடிப்படையாகக் கொண்டு.

உயிரோடிருக்கையிலேயே மக்கள் பேருக்கு வீட்டைத் தானசெட்டில்மெண்டு செய்வோர் நம் பகுதியில் உளர். சாசனத்தை எத்துணை முறையும் மாற்றலாம். இதனை எளிதில் மீட்கவொண்ணாது. பேணுவோம் என்ற நிபந்தனையோடு பெற்ற மக்கள் பேணாதொழிந்தால், 2007-ஆம் ஆண்டு மூத்தகுடிமக்கள் சட்டத்தின்கீழ்க் கோட்டாட்சியரிடம் முறையிட்டுப் பத்திரத்தை ரத்துச் செய்விக்கலாம். ஆயின் அந்நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவுற எழுதிவைத்தல் வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிக் கையொப்பமிட்ட முதியோர்க்கு வழக்கு அரிதாகும்.